வழக்கு எண்ணும் வழக்கின் உள்ளடக்கமும்: கோலாலம்பூர் சிவில் நீதிமன்றங்களின் வகைப்பிரிப்பு

கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் பதிவாகும் ஒரு சிவில் வழக்கின் எண்ணைப் பார்த்தே அதன் ஜாதகத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ‘டபிள்யூஏ’ என்று தொடங்கினால் கோலாலம்பூர். ‘பிஏ’ என்றால் ஷா ஆலாம். அடுத்து வரும் 22 ரிட் சம்மனைக் குறிக்கும், 24 தொடக்கச் சம்மன், 28 நிறுவனக் கலைப்பு, 29 திவால். அதை ஒட்டி ‘என்சிசி’ என்று இருந்தால் புதிய வணிக நீதிமன்றம், ‘என்சிவிசி’ என்று இருந்தால் புதிய சிவில் நீதிமன்றம். இந்தக் குறியீட்டை முதலில் தேர்ந்தெடுப்பவர் நீதிபதி அல்ல. வழக்கைத் தாக்கல் செய்யும் தரப்பு.

வகைப்பிரிப்பில் முதலில் வருவது தொகை. 1948ஆம் ஆண்டின் கீழ்நிலை நீதிமன்றச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டு, 2013 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 25,000 ரிங்கிட்டாக இருந்த மாஜிஸ்திரேட் நீதிமன்ற வரம்பு 1,00,000 ஆனது. செஷன்ஸ் நீதிமன்றத்தின் 2,50,000 ரிங்கிட் வரம்பு 10 லட்சமானது. சாலை விபத்து, வாடகை வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பே இல்லை. இந்த ஏற்பாடு நல்ல வேலை செய்கிறது. கிள்ளானில் லாரி மோதி முதுகெலும்பு முறிந்தவர் எவ்வளவு பெரிய இழப்பீடு கேட்டாலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே வழக்கை முடித்துக்கொள்ளலாம். ஆனால் தொகையை வைத்துப் பிரிப்பதற்கு மறுபக்கமும் உண்டு. 10,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத வழக்கில் சட்டக் கேள்வி இல்லாமல் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. 2,50,000க்கு உட்பட்ட வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். சிறிய தொகை எப்போதும் சிறிய பிரச்சினை அல்ல. நாசி கண்டார் கடை நடத்துபவருக்கு 9,000 ரிங்கிட் ஒரு மாதப் பிழைப்பாக இருக்கலாம்.

வழக்கைத் தொடங்கும் வடிவத்தைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்த நீதிமன்ற விதிகள், முன்பிருந்த நான்கு வழிகளை ரிட், தொடக்கச் சம்மன் என்று இரண்டாகக் குறைத்தன. உண்மை பற்றிய தகராறு என்றால் ரிட். ஆவணத்தின் பொருளையோ சட்டத்தையோ மட்டும் விளக்க வேண்டியிருந்தால் தொடக்கச் சம்மன். தவறான வடிவில் வந்த வழக்கை அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடி செய்யாமல், முறைகேடாகக் கருதித் திருத்த இந்த விதிகள் இடம் தருகின்றன.

உண்மையான விவாதம் பொருள்வாரிப் பிரிப்பில்தான். 2009 செப்டம்பர் 1இல், ஸாக்கி அஸ்மி தலைமை நீதிபதியாக இருந்தபோது, கோலாலம்பூரில் புதிய வணிக நீதிமன்றம் தொடங்கப்பட்டது. பதிவான நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பின்னர் அதே மாதிரியில் புதிய சிவில் நீதிமன்றமும் வந்தது. சிறப்புப் பிரிவுகளும் வரிசையாக உருவாயின: 2003இல் இஸ்லாமிய வங்கி வழக்குகளுக்கான முவாமலாட், 2007இல் அறிவுசார் சொத்து, 2010இல் கடல்சார் வழக்குகள், 2013இல் கோலாலம்பூரிலும் ஷா ஆலாமிலும் கட்டுமானம். ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த வணிக வழக்குகளுக்கு இதனால் கிடைத்த வேகத்தை யாரும் மறுக்க முடியாது. உலக வங்கியின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் அதைப் பாராட்டியது. ஒரே வகை வழக்கைத் திரும்பத் திரும்பக் கேட்கும் நீதிபதிக்குக் கட்டுமான ஒப்பந்தத்தையோ சரக்குக் கப்பல் பத்திரத்தையோ ஒவ்வொரு முறையும் அடிப்படையிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

இந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. புதிய வழக்குகள் புதிய பாதையில் ஓட, முந்தையவை பழைய வரிசையிலேயே நின்றன. ஒரே மாதிரியான இரண்டு கடன் வழக்குகளின் தலைவிதியை, பதிவான தேதி பிரித்தது. கால இலக்கு நெருக்க, விசாரணையைத் தள்ளிவைக்க மறுப்பதும் கூடியது என்று வழக்குரைஞர்கள் முறையிட்டார்கள். நியாயமான முறையீடு அது. சாட்சியை வரவழைக்க வசதியுள்ள வங்கிக்கு வேகம் அனுகூலம். வழக்குரைஞரைத் தேடிக்கொண்டிருக்கும் பிரதிவாதிக்கு அதே வேகம் பாதகம்.

இருந்தாலும் மலேசிய முறையின் அடித்தளம் உறுதியானது. இந்தப் பிரிவுகள் நிர்வாக வசதிக்காகவே உள்ளன. உயர்நீதிமன்ற நீதிபதி எவருக்கும் முழு அதிகாரம் உண்டு. வணிகப் பிரிவுக்குத் தவறி வந்த நில வழக்கு அதனாலேயே செத்துப்போவதில்லை. இந்தியாவின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அங்கே 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் ‘வணிகத் தகராறு’ என்பதை 22 இனங்களாக வரையறுத்தது. 2018இல் தொகை வரம்பை ஒரு கோடி ரூபாயிலிருந்து மூன்று லட்சமாகக் குறைத்தது. அவசர நிவாரணம் கோராத வழக்கு முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது; அது கட்டாயமே என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசையாச் சொத்து வணிகத்துக்கே உண்மையில் பயன்பட்டு வந்தால்தான் அது வணிகத் தகராறு என்று 2019இல் அம்பாலால் சாராபாய் வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம். விளைவு, எது வணிகம் என்பதே சென்னையிலும் பிற நகரங்களிலும் தனி வழக்காகிவிடுகிறது. கோலாலம்பூர் அந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்த்திருக்கிறது.

தவிர்க்காத சிக்கல் கலப்பு வழக்குகளில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடைகளில் பல குடும்ப வணிகங்கள். தந்தை காலமானபின் பிள்ளைகளுக்குள் சண்டை வருகிறது என்று கொள்வோம். கடை சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தின் பெயரில். கட்டடம் தந்தையின் பெயரில். மூலதனத்தின் ஒரு பகுதி அம்மாவின் நகை. பங்குதாரர் ஒடுக்குமுறை என்று 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின் 346ஆம் பிரிவில் போனால் அது வணிகம். கட்டடம் வாரிசுரிமைச் சிக்கல். நகைப் பணம் கடனா, அன்பளிப்பா, அறக்கட்டுப்பாடா என்பது சிவில் கேள்வி. ஒரே வீட்டுப் பிரச்சினை மூன்று எண்களில், மூன்று நீதிபதிகளிடம், மூன்று கட்டணங்களோடு நடக்கக்கூடும். வழக்குகளை ஒன்றாக விசாரிக்க விதி இடம் தருகிறது. அதற்கும் தனி மனு, தனிச் செலவு.

எண் சொல்லாததை விசாரணைதான் வெளிக்கொணர வேண்டும் என்பதற்குக் கைமாற்றுக் கடன் சிறந்த சான்று. நண்பருக்குக் கொடுத்த கடன் என்று பதிவாகும் வழக்கில், வட்டி இருந்ததாகத் தெரிந்தால் நிலைமை தலைகீழாகிறது. 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டப்படி வட்டிக்குக் கொடுத்த ஒரே ஒரு கடன்கூட, மறுத்து நிரூபிக்கும் வரை, வட்டித்தொழிலாக ஊகிக்கப்படும். உரிமமில்லாதவர் கொடுத்ததை மீட்க முடியாது. சீட்டு பிடித்த பணமும் அப்படியே. கூட்டுச் சீட்டை 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. அதைச் சாதாரணக் கடன் என்று எழுதித் தாக்கல் செய்தால் எண் கிடைக்கும், பணம் கிடைக்காது. இந்த உண்மையைத் தமிழ்க் குடும்பங்கள் தாமதமாகவே தெரிந்துகொள்கின்றன.

பெரும் பணத்துக்கான வழிகளைச் செப்பனிட்ட இந்த அமைப்பு சிறு வணிகரை மறந்துவிட்டது என்பதே இதன் மிகப் பெரிய குறை. நுகர்வோர் 50,000 ரிங்கிட் வரை நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அடுக்குமாடிச் சண்டைகளுக்கு 2,50,000 ரிங்கிட் வரை கேட்கும் ஸ்ட்ராட்டா தீர்ப்பாயம் இருக்கிறது. சிறு கோரிக்கை நடைமுறைக்கு 2012 விதிகள் 5,000 ரிங்கிட் வரம்பு வைத்தன. அதிலும் வாதி தனிமனிதராக இருக்க வேண்டும். அப்படியானால், மொத்த வியாபாரி அனுப்பிய கெட்டுப்போன சரக்குக்காக 8,000 ரிங்கிட் கேட்கும் கடைக்காரர் எங்கே போவது? மறுவிற்பனைக்கு வாங்கியதால் அவர் நுகர்வோர் அல்ல. தொகை சிறு கோரிக்கையைத் தாண்டுகிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முழு வழக்கே மிச்சம். வழக்குரைஞர் கட்டணம் கோரிக்கையின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மனுக்கள் மலாயில் இருக்க வேண்டும் என்பது தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய மூத்த வணிகருக்கு இன்னொரு தடை.

வேகத்தை அளந்த அளவுக்கு அணுகும் வசதியை இந்த முறை அளக்கவில்லை. பிரிவுகளைக் கலைக்க வேண்டியதில்லை, அவை பயனுள்ளவை. முதல் வழக்கு மேலாண்மை நாளிலேயே, மனு எதுவும் இல்லாமல், ஒரே குடும்பத்தின் வழக்குகளை ஒரே நீதிபதியிடம் சேர்க்கும் பொறுப்பைப் பதிவாளர் ஏற்க வேண்டும். சிறு கோரிக்கை வரம்பை உயர்த்தி, சிறு நிறுவனங்களையும் அதில் அனுமதிக்க வேண்டும். எந்தத் தகராறு எங்கே போகும் என்பதைத் தமிழிலும் சீனத்திலும் அச்சிட்டு, கிள்ளான் நீதிமன்றம் உள்பட ஒவ்வொரு பதிவு முகப்பிலும் வைக்க வேண்டும். இவற்றில் முதலாவதையும் கடைசியையும் சட்டத் திருத்தம் இல்லாமல் நடைமுறை உத்தரவாலேயே செய்துவிடலாம்.