குடுவைக்குள் ஒரு வானொலி

ஒரு படைப்பில் வரும் சிறு பொருள் சில வேளைகளில் அப்படைப்பின் உயிர்நிலையாகவே அமைந்துவிடுவதுண்டு. ஜேம்ஸ் கிளவெல் எழுதி 1962-இல் வெளிவந்த 'கிங் ரேட்' என்னும் ஆங்கில நாவலில் வரும் வானொலி அத்தகையது. அதன் ஆசிரியர் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் தாமே போர்க் கைதியாக இருந்தவர். நாவல் நிகழும் காலம் 1945.

சப்பானியர் ஆட்சியில் கைதிகள் வானொலி வைத்திருப்பது உயிருக்கே கேடு தரும் குற்றம். ஆகவே, மூவர் தம் வானொலியைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தண்ணீர்க் குடுவைகளுள் மறைத்துக் காக்கின்றனர். மூன்றும் சேர்ந்தால்தான் அது பேசும். எதையும் விலைபேசும் 'அரசன்' என்னும் பாத்திரத்துக்கு எதிராக, நம்பிக்கை ஒன்றையே முதலாகக் கொண்ட நட்பை ஆசிரியர் இவ்வாறு நிறுத்திக் காட்டுவது பாராட்டுக்குரியது.

அவ்வானொலி பழுதாகிறது. கெட்டது ஒரு மின்தேக்கி. நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, ஒலிக்குரிய மாறுமின்னோட்டத்தை மட்டும் அடுத்த வால்வுக்குக் கடத்துவது இணைப்பு மின்தேக்கியின் பணி. அச்சிற்றுறுப்பு கெட்டால், மற்றவை நலமாக இருந்தும் பெட்டி ஊமையாகிவிடும். அதற்கு மாற்று, வேலிக்கு வெளியிலிருந்தே வரவேண்டியிருக்கிறது.

நாவலின் குறையும் இவ்விடத்தில்தான் புலப்படுகிறது. கதையின் கண் பெற்றவர் மேலேயே நிற்கிறது. கொடுத்தவர் நெஞ்சின் அச்சம் ஆழமாகக் காட்டப்படவில்லை. வரலாறோ வேறு கதை கூறும். 1943 அக்டோபர் 10-ஆம் நாள் சாங்கிச் சிறையில் கெம்பித்தாய் சோதனை நடத்தியது. அதனைத் தொடர்ந்து பிடித்துச் செல்லப்பட்ட 57 சிறைவாசிகளுள் 15 பேர் மாண்டனர். வெளியே மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை நடத்திய எலிசபெத் சோயும் அவர் கணவரும் சிறைவாசிகளுக்கு உணவு, மருந்து, பணம் ஆகியவற்றோடு வானொலி உறுப்புகளும் கிடைக்க உதவியவர்கள். இருவரும் கைது செய்யப்பட்டனர். எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் அடைபட்டுக் கொடிய வதைக்கு ஆளானார். ஒரு சிற்றுறுப்பின் உண்மையான விலை இதுவே.

கையிலுள்ளதைக் கொண்டு பழுது நீக்குவோரின் அறிவுத்திறனை மாணவர் வியத்தல் இயல்பு. அவ்வியப்போடு, "இவ்வுறுப்பு யார் கையிலிருந்து வந்தது?" என்னும் வினாவையும் ஆசிரியர் எழுப்புதல் வேண்டும். நாவல் சொல்லாமல் விட்ட பகுதியை அவ்வினாவே நிறைவு செய்யும்.