ஒரு சர்வர், பல விலாசங்கள்

சிகாமட் கடைத்தெருவில் நடந்து செல்கிறவர், கீழே மளிகைக் கடையும் மாடியில் கணக்கர் அலுவலகமும் அதன் பின்னறையில் தையல் வகுப்புமாக, ஒரே கடைவீட்டின் நெற்றியில் மூன்று பெயர்ப் பலகைகள் இருக்கக் கண்டு ஆச்சரியப்படுவதில்லை. ஒரே சர்வருக்கு இரண்டு, மூன்று, சில இடங்களில் பத்துக்கும் மேற்பட்ட ஐபி விலாசங்களைக் கொடுத்து வைக்கும் வழக்கமும் ஏறத்தாழ இத்தகையதே. அதைச் செய்ய ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் எந்தக் காரியத்தை உத்தேசித்து அதைச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் குணமும் தோஷமும் அமைகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இவ்வழக்கம் பரவியதற்கு நியாயமான பூர்வ காரணம் ஒன்று உண்டு. பாதுகாப்பான முறையில் பேசும் வலைத்தளங்களில், உலாவி எந்தத் தளத்தை நாடி வந்திருக்கிறது என்று அறியுமுன்பே சர்வர் தன் சான்றிதழை நீட்டியாக வேண்டியிருந்த காலத்தில், தளத்துக்கு ஒரு விலாசம் என்பது நிர்ப்பந்தமாகவே இருந்தது. தளத்தின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடும் எஸ்என்ஐ முறை 2003இல் வகுக்கப்பட்டும், விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதனை அறியாதிருந்தமையால், 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தும் வரையில் பலர் பழைய முறையைக் கைவிட அஞ்சினர். இன்று அதே காரணத்தைச் சொல்லித் தளந்தோறும் ஒரு விலாசம் கேட்பது வீண் செலவு.

வீண் என்று நான் சொல்வது விலாசங்களின் பஞ்சத்தை நினைத்து. ஐபி நான்காம் பதிப்பின் விலாசங்கள் மொத்தமே சுமார் 429 கோடி. 2011 ஜனவரி இறுதியில் வெள்ளம் புகுந்து சிகாமட் பட்டணம் தத்தளித்ததை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த சில நாட்களில், பிப்ரவரி 3ஆம் தேதி, உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த விலாசத் தொகுதிகள் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கும் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. மலேசியாவும் அடங்கிய ஆசிய பசிபிக் மண்டலத்தின் பதிவகமான ஏப்னிக், அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் தேதியே தன் கடைசித் தொகுதியை எட்டி, அதிலிருந்து உறுப்பினருக்கு 1,024 விலாசங்களுக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டியது.

ஆயினும் இவ்வழக்கத்தில் மெச்சத்தக்க தத்துவம் ஒன்று இருக்கிறது. விலாசத்தை யந்திரத்துக்கு உரியதாக வைக்காமல் அது செய்யும் ஊழியத்துக்கு உரியதாக வைத்தால், யந்திரம் பழுதுபடும்போது அந்த விலாசத்தை எடுத்து மற்றொரு யந்திரத்தின்மேல் ஏற்றிவிடலாம். கீப்அலைவ்டி போன்ற மென்பொருள்கள், இரண்டு சர்வர்களில் ஒன்று மௌனமானவுடன் மற்றது பொது விலாசத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கருவிகளுக்கு அதை அறிவிக்கும்படி செய்கின்றன. வாடிக்கையாளருக்கு மாற்றம் நடந்ததே பெரும்பாலும் தெரிவதில்லை. என் மதிப்பீட்டில் கூடுதல் விலாசத்தின் தலைசிறந்த பிரயோஜனம் இதுவே.

ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கு எல்லை உண்டு. அது ஒரே வலையமைப்புக்குள் நிகழ்வது. சிகாமட்டில் இருக்கும் சர்வரின் விலாசத்தைக் கூலாயிலோ செடெனாக்கிலோ உள்ள தரவு மையத்துக்கு, இணையச் சேவை நிறுவனத்தின் வழிகாட்டும் ஏற்பாடு இல்லாமல், நம் விருப்பப்படி தூக்கிச் செல்ல இயலாது. பத்து விலாசங்கள் இருப்பதால் பத்து சர்வர்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் நிர்வாகிகளைக் கண்டிருக்கிறேன். கீழ்த்தளத்து அறையில் வெள்ளம் புகுந்தால் பத்தும் ஒருசேர மூழ்கும்.

உள்ளிருந்தே வரும் தோஷங்களும் உண்டு. லினக்ஸில், ஒரே துணைவலையில் முதலில் சேர்த்த விலாசம் தலைமை, பின்வந்தவை துணை. அமைப்பை மாற்றி வைத்திருந்தாலன்றி, தலைமையை நீக்கும்போது துணைகளும் கூடவே மறைந்துபோகும். விலாசத்தைக் குறிப்பிடாமல் எல்லாவற்றிலும் செவிசாய்க்கும்படி விடப்பட்ட மென்பொருள், உள் அலுவலகத்துக்கென வைத்த நிர்வாகப் பக்கத்தைப் புதிய பொது விலாசத்திலும் திறந்து காட்டிவிடும். சர்வர் தானே தொடங்கி வெளியே அனுப்பும் தகவல் வழக்கமாகத் தலைமை விலாசத்தின் பெயரிலேயே செல்வதால், துணை விலாசத்தை மட்டும் அனுமதித்திருக்கும் எதிர்முனை அதனைத் திருப்பியனுப்பும்.

இவற்றினும் சாதாரணமான ஒரு பிழையை நானே செய்திருக்கிறேன். செம்பனைத் தோட்ட அலுவலகம் ஒன்றின் சர்வரில் கூடுதல் விலாசத்தைக் கட்டளையால் சேர்த்தேன். அமைப்புக் கோப்பில் எழுதவில்லை. மாதங்கள் கழித்து, மழை இரவில் மின்சாரம் போய்த் திரும்பியபோது சர்வர் எழுந்தது, அந்த விலாசம் எழவில்லை. மறுநாள் சம்பளக் கணக்கு பார்க்க வந்த கிராணிமார் நண்பகல் வரை காத்திருந்தனர். கட்டளையால் சேர்ப்பது யந்திரத்தின் நினைவில் மட்டுமே நிற்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. அவசரத்தில் அலட்சியம் செய்தேன்.

ஐபி ஆறாம் பதிப்பில் ஒரே இணைப்புக்குப் பல விலாசங்கள் இருப்பது இயற்கையான நிலை. ஆகவே இவ்வழக்கம் மேலும் பெருகவே செய்யும். சிகாமட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு அலுவலக சர்வர்களைப் பராமரிக்கும் அன்பர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒவ்வொரு விலாசமும் எந்த ஊழியத்துக்கு என்பதைக் குறித்து வையுங்கள், நெட்பிளான் போன்ற அமைப்புக் கோப்பில் அதை எழுதுங்கள், நவம்பரில் பருவமழை பிடிக்குமுன் ஒரு பகற்பொழுதில் சர்வரை நீங்களே நிறுத்தி மறுபடி இயக்கி, எல்லா விலாசங்களும் எழுந்துவிட்டனவா என்று பார்த்துவிடுங்கள்.