தத்துவ போதகரின் மதுரை நட்பு: ஒரு திறனாய்வு

தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலியைக் குறித்துத் தமிழிலும் பிற மொழிகளிலும் எழுந்துள்ள நூல்கள் பல. தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டு, அவர் ஆக்கிய இறையியற் கலைச்சொற்கள், அவர் மேற்கொண்ட துறவுக் கோலம், அதனால் எழுந்த நெடிய வழக்கு ஆகியன அறிஞர் பலரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இக்கட்டுரை அவற்றை மீண்டும் எடுத்துக்கொள்ளவில்லை; அவற்றினும் எளியதொரு வினாவையே எழுப்புகிறது. 1606-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தம் இருபத்தொன்பதாம் வயதில், மதுரை மாநகருக்குள் புதியவராய் நுழைந்த ஒருவர் அங்கு நண்பரை எவ்வாறு பெற்றார்? அந்நட்புக்குக் கொடுக்கப்பட்ட விலை யாது? அவ்விலையைக் கொடுத்தவர் அவர் மட்டுந்தானா?

இவ்வினா வரலாற்று ஆர்வத்தால் மட்டும் எழுவதன்று. ஆண்டுதோறும் நம் இறையியற் கல்லூரிகளிலிருந்து வெளியேறும் மாணவரும், இடமாற்றம் பெறும் ஆயரும் அறியாத ஊருக்கே செல்கின்றனர். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் பிறந்து வளர்ந்தவனுக்கு மதுரை அடுத்த ஊர்தான். ஆயினும் அது புதிய ஊரே. அங்கு முதல் ஆண்டில் யாருடைய திண்ணையில் அமர்கிறோம், யாருடைய இல்லத்தில் உண்கிறோம் என்பது நம் ஊழியத்தின் போக்கைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஆகவே இதே நகரில் நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பெற்றதையும் இழந்ததையும் எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

1. முன்னிருந்தவர்

நொபிலி வந்தபோது மதுரையில் அருட்பணி நடவாமல் இல்லை. கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியர் 1595 முதல் அங்கு இருந்தார். முன்னாள் போர்வீரர், இயேசு சபைத் துறவி. முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாடு நடத்தினார், பள்ளி ஒன்றை ஏற்படுத்தினார், நோயாளருக்கு மருந்தளித்தார். அவருடைய ஒழுக்கத்தை நகரத்தார் மதித்தனர். ஆயினும் பதினோராண்டுகளில் மதுரை மக்களுள் ஒருவரும் அவர் வழி மறையைத் தழுவவில்லை.

நொபிலியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இவ்விடத்தில் பெர்னாண்டஸைக் கைவிட்டுவிடுகின்றனர். இந்தியாவுக்கு ஒரு முத்து என்று பொருள்படும் தலைப்புடன் வின்சென்ட் குரோனின் 1959-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு சுவைமிக்கது. ஆயின் அதில் பெர்னாண்டஸ், நொபிலியின் ஒளி சிறந்து தோன்றும்பொருட்டு வைக்கப்பட்ட நிழலாகவே நிற்கிறார். இது நேர்மையான மதிப்பீடு ஆகாது. பெர்னாண்டஸ் 1616-இல் இந்து சமயச் சடங்குகளைப் பற்றி விரிவானதொரு நூல் எழுதினார். அது 1973-இல் அச்சேறியது. தம்மைச் சூழ்ந்த வாழ்வை அவர் கண்ணெடுத்தும் பாராதவர் என்பது பொருந்தாது. இனெஸ் ஜுபானோவ் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, இருவரிடையே எழுந்த பூசலில் இத்தாலியப் பிரபு குலத்தவருக்கும் போர்த்துக்கீசிய எளியவருக்கும் இடையே இருந்த வேற்றுமையும் கலந்திருந்ததை எடுத்துக்காட்டி, இக்குறையை ஓரளவு நீக்கியது.

எனினும் பெர்னாண்டஸின் நிலையில் ஒரு குறை உண்டு. அவர் கொடுப்பவராக இருந்தார். பெறுபவராக இருந்ததாகத் தெரியவில்லை. மருந்தும் கல்வியும் அவரிடமிருந்து சென்றன. நகரத்தாரிடமிருந்து அவர் வேண்டி நின்றது ஒன்றுமில்லை. மறையில் சேர விரும்பியவரையோ பறங்கியர் வழியில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கொடையால் நன்றி பிறக்கும், மதிப்பும் பிறக்கும். நட்போ இருவழிப் போக்குவரவு. ஆயர் இல்லத்து வாயிலில் உதவி நாடி நிற்போர் பலராயிருந்தும், தம் துயரைச் சொல்லிக்கொள்ள ஒருவருமின்றி வாழும் ஊழியர் இந்நிலையை நன்கு அறிவர்.

2. மாணவராய் அமர்ந்தவர்

நொபிலி முதலில் செய்தது கற்றல். பெர்னாண்டஸின் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரே அவருக்குத் தமிழ் கற்பித்தார். அவ்வாசிரியர் கிறிஸ்தவர் அல்லர். கற்பித்தலிலிருந்து உரையாடல் வளர்ந்தது. உரையாடல் இருபது நாள் நீண்ட சொற்போராயிற்று. முடிவில் அவ்வாசிரியர் ஆல்பர்ட் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். இங்குக் கருதத்தக்கது ஒன்று: அவ்வாசிரியர் பதினோராண்டுப் பணியின் நிழலிலேயே இருந்தவர். அவரைப் பணியாளராக நோக்காது ஆசானாக நோக்கிய ஒருவர் வந்த பிறகே அவர் வாய் திறந்தார்.

அடுத்து வந்தவர் சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணர். நொபிலிக்கு வடமொழி கற்பித்தவர் இவரே. வேதத்தைப் பிற இனத்தார்க்குக் கற்பித்தல் மரபால் விலக்கப்பட்டிருந்த காலம் அது. சிவதர்மர் அறிந்தே அவ்விலக்கைக் கடந்தார். கற்பித்தவர் தமக்குரிய பாதுகாப்பை விட்டுக்கொடுத்தார். கற்றவர் தமக்குரிய உயர்வை விட்டுக்கொடுத்தார். நட்பு பிறந்தது இவ்விடத்தில்தான் என்று கொள்ளலாம். 1609-இல் சிவதர்மர் திருமுழுக்குப் பெற்றார். பூணூலையும் குடுமியையும் களையவில்லை.

அதன்பின் நடந்தது நொபிலியின் பெருமைக்கு உரியது. நண்பரின் பூணூல் வழக்காயிற்று. 1610-இல் பெர்னாண்டஸின் முறையீடு மேலிடத்துக்குச் சென்றது. 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராக நின்றனர். இறுதியில் 1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணை அவருக்குச் சார்பாக வந்தது. பதின்மூன்று ஆண்டுகள்! கிறிஸ்துவைப் பின்பற்ற விரும்பும் தமிழன் போர்த்துக்கீசியனாக மாறவேண்டுவதில்லை என்பதற்காக ஒருவர் தம் சொந்தச் சபையாரின் பழியைத் தாங்கினார். மேலிடத்தாரின் மனம் கோணாதபடி நண்பனை மெல்ல நழுவவிடும் வழக்கம் திருச்சபையில் அரிதன்று. அதனை அறிந்தோர் இவ்வுறுதியைக் குறைத்து மதிப்பிடார்.

3. இழந்த பந்தி

இனி மறுபக்கம். நொபிலி 1607-இல் பெர்னாண்டஸின் இல்லத்தை விட்டுத் தனி இல்லத்தில் குடியேறினார். காவியுடை உடுத்தார், அந்தணர் சமைத்த மரக்கறியுணவை நாளுக்கு ஒருவேளை உண்டார். இவை துறவின் எளிமை, குறை கூறுவதற்கில்லை. ஆயின் இக்கோலம் நிலைக்கவேண்டுமாயின் அவர் பெர்னாண்டஸுடன் பந்தியில் அமர இயலாது. கடற்கரைக் கிறிஸ்தவருடன் கலந்து பழகவும் இயலாது. 1611-இல் தாம் பறங்கியர் அல்லர் என்று ஓலையில் எழுதி வெளியிட்டார். அவர் உரோமாபுரியைச் சார்ந்தவர். சொல்லளவில் அது மெய்யே. ஆனால் அவ்வோலையைப் படித்தவர் அறிந்துகொண்டது அதனினும் மிகுதி. தாழ்ந்தோர் எனக் கருதப்பட்டோருடன் உண்ணும் அந்த மனிதர் வேறு, நான் வேறு என்பதே அதன் பொருளாயிற்று.

நொபிலியின் சார்பாளர் கூறும் விடை நாம் அறிந்ததே. சாதி ஒழுக்கம் சமுதாய வழக்கு, சமய நம்பிக்கையன்று; ஆகவே அது திருமுழுக்குக்குத் தடையாகாது என்பது அவர் கொள்கை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியொருவர் வேறென்ன செய்திருக்கக் கூடும் என்றும் கேட்பர். 1607-இல் மதுரையில் அவர் சாதியை ஒழித்திருக்கவேண்டும் என்று எவரும் கோருவதற்கில்லை. நாம் கேட்பது சிறியதொன்று. தமக்காக வேத விலக்கையே கடந்த நண்பரிடம், என் உடன்பிறப்பாகிய பெர்னாண்டஸின் அருகிலும் சற்று அமர்வாயாக என்று கேட்க இயலாதிருந்ததா? அவ்வளவு தாங்கும் வலிமை அந்நட்புக்கு இருந்தது என்பதை சிவதர்மரின் துணிவே காட்டுகிறது. ஆயினும் அத்தகைய வேண்டுதல் நொபிலியின் முறையில் இடம்பெறவில்லை.

அந்தியோகியாவில் எழுந்த சிக்கலைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். அங்கும் கொள்கையில் எவரும் பிறழவில்லை. பந்தியிலிருந்து ஒருவர் எழுந்து விலகினார், அவ்வளவே. பவுல் அதனை வெறும் சமுதாய வழக்கென்று விட்டுவிடவில்லை. யாருடன் உண்கிறோம் என்பது நற்செய்தியின் உண்மையைச் சார்ந்தது என்றே கண்டார். நொபிலி இப்பகுதியை அறியாதவர் அல்லர். ஆனால் அவருடைய பகுப்பில் பந்திக்கு இறையியல் இடம் இல்லாமற் போயிற்று.

இதன் விளைவு அவர் காலத்திலேயே தெளிவாயிற்று. 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி என்னும் கோலத்தில் எளிய சாதியாரிடையே பணிபுரியத் தொடங்கினார். அவர்களுக்கும் நற்செய்தி சென்றது என மகிழலாம். ஆனால் உயர்ந்தோருக்கு ஒரு தொண்டர், தாழ்ந்தோருக்கு ஒரு தொண்டர் என்னும் ஏற்பாடு பிரிவினைக்கு மருந்தாகவில்லை. அதற்கு ஓர் அமைப்பையே தந்தது. ஒருவர் தொடங்கிய தனிப்பட்ட விலகல் முப்பது ஆண்டுகளில் திருப்பணியின் முறையாக நிலைபெற்றது.

4. நம் பக்கத்துக் கணக்கு

இதனைப் படிக்கும் புராட்டஸ்தாந்தர் நெஞ்சு நிமிர்த்த வேண்டுவதில்லை. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தொண்டர்களால் தொடங்கப்பெற்றது. 1847-இல் அம்மிஷன் தன் பணியாளர் யாவரும் சாதி வேறுபாடின்றிச் சேர்ந்துண்ண வேண்டும் என வற்புறுத்தியது. மறுத்தோர் பலர் விலகினர். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடும் அன்பின் விருந்தைச் சாதி மறுப்புக்குச் சோதனையாக ஏற்றுக்கொண்டது. நோக்கம் நேரியது, பவுலின் பக்கம் நின்றது. ஆயின் ஊதியம் கொடுப்பவர் கட்டளையிட, ஊதியம் பெறுபவர் உண்ட உணவு அது. கட்டளையால் ஒரு பந்தியைக் கூட்டலாம்; மறுநாள் ஒருவன் மற்றவன் வீட்டுக்குத் தானாகச் செல்லுமாறு செய்ய இயலாது. நொபிலியிடம் பந்தி இல்லாத நட்பு இருந்தது. நம் முன்னோரிடம் நட்பு இல்லாத பந்தி இருந்தது.

அதன் பயனை இன்றும் காண்கிறோம். திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பருகியோர் திருமணப் பேச்சில் சாதி வினவுகின்றனர். வாடகைக்கு வீடு தேடிச் செல்லும் இளைஞனிடம் முதலில் ஊரையும், பின்னர் ஊரில் எத்தெரு என்பதையும் கேட்கின்றனர். மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் தெருக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசால் இடிக்கப்பட்டது. அரசு சுவரை இடிக்கலாம். இருபுறத்தாரையும் ஒரே திண்ணையில் அமர்த்துதல் அரசின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. திருச்சபைக்குரிய பணி அங்கேதான் தொடங்குகிறது.

புதிய ஊருக்குச் செல்பவன் முதலில் தன் ஊராரையும் உறவினரையும் நாடுதல் இயல்பு. அதனைக் குற்றமென்று கூறலாகாது. தனிமையின் கடுமை பட்டவருக்கே தெரியும். ஆயரும் அவ்வாறே சபைக்குழுவினர் இல்லங்களில் முதலில் வரவேற்கப்படுகிறார். ஆனால் அவ்வரவேற்பில் ஒரு சொல்லாத ஒப்பந்தம் அடங்கியிருப்பதுண்டு. எங்கள் இல்லத்திற்கு வருபவர் அந்தத் தெருவுக்குச் செல்வதில்லை என்று யாரும் வாய்விட்டுக் கூறார். ஆறு மாதம் கழித்து ஆயர் தாமே அதனைக் கடைப்பிடித்துக்கொண்டிருப்பார். நொபிலிக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் அதனை ஆராய்ந்து தெளிந்தே ஏற்றார், நாமோ ஆராயாமலே ஏற்கிறோம்.

திருவள்ளுவர் நட்பைக் குறித்து ஐந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் இரண்டாவதை நட்பாராய்தலுக்கு ஒதுக்கினார். ஆராயவேண்டியது நண்பனின் குணத்தை மட்டுமன்று. அந்நட்பு நம்மை யாரிடமிருந்து பிரிக்கிறது என்பதையும் ஆராயவேண்டும். நம் ஆண்டவர் தம் சீடரை ஊழியர் என்னும் நிலையிலிருந்து நண்பர் என்னும் நிலைக்கு உயர்த்தியபோது, தந்தையிடம் கேட்டவை அனைத்தையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டதையே அதற்குக் காரணமாகக் காட்டினார். அந்த நண்பர் குழுவில் வரி தண்டுபவனும் இருந்தான். செலோத்தே எனப்பட்டவனும் இருந்தான். அவருடைய நட்பைப் பெற்றவர் ஒருவரோடொருவர் அமராதிருக்க இயலவில்லை.

முடிவுரை

தத்துவ போதகரிடமிருந்து நாம் கற்கவேண்டுவன இரண்டு. புதிய ஊரில் கற்போனாக நுழைக. கற்பித்தவனை இடரில் கைவிடாதே. இவ்விரண்டிலும் அவரை மிஞ்சியோர் சிலரே. மதுரையில் சிறையும் கண்டு, பார்வை மங்கிய முதுமையில் மயிலாப்பூரில் 1656-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் அவர் இறந்தார். அந்நெடிய உழைப்பைத் தள்ளிவிட்டு அவரைச் சாதியின் காவலர் என்று மட்டும் கூறுவது அறமன்று.

ஆயினும் ஒரு நண்பனைப் பெறுவதற்கு மற்றொருவனை விலையாகக் கொடுக்கலாகாது என்பதை அவருடைய வாழ்வே நமக்கு உணர்த்துகிறது. அவ்விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. பெர்னாண்டஸும் கொடுத்தார், கடற்கரை மக்களும் கொடுத்தனர், அவர்களுக்குப் பின் வந்த தலைமுறைகளும் கொடுத்தன. இவ்வாண்டு புதிய சபைக்குச் செல்லும் ஊழியர் ஒவ்வொருவரும் முதல் மாத இறுதியில் தாம் உண்ட இல்லங்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பாராக. எத்தெருவின் பெயர் அதில் இல்லையோ, இரண்டாம் மாதத்தை அத்தெருவில் தொடங்குவாராக. அங்கு எதையும் கொடுக்கச் செல்லவேண்டுவதில்லை. ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சென்றாற் போதும்.