துரிதம் யாருக்கு?

மாலை மயங்கும் வேளையில் சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களின் முக்குகளில் நின்று பார்ப்போர் இரண்டு வரிசைகளைக் காண்பர். ஒன்று, பட்டாசு ஆலைகளிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து இறக்கிவிடும் வேன்களின் வரிசை. மற்றொன்று, இரும்புச் சட்டியும் காஸ் அடுப்புமாகப் 'ஃபாஸ்ட் ஃபுட்' என்று பலகை தொங்கவிட்டு நிற்கும் தள்ளுவண்டிகளின் வரிசை. முன்னதிலிருந்து இறங்குவோர் பின்னதை நோக்கி நடக்கின்றனர். சிவந்த நிறத்தில் பொரித்த கோழியும், கண் இமைக்கும் நேரத்தில் கிளறிய சோறும் பொட்டலமாகி வீடு போய்ச் சேருகின்றன.

இதைக் கண்டித்து எழுதுவது எளிது. மேடைகளில் பேசுவது அதனினும் எளிது. நாமும் பேசியிருக்கிறோம். பேசியபின் ஒரு நாள் வாயடைத்து நிற்கவும் நேர்ந்தது. அந்த நாளைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை. எனினும், முதலில் சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குவோம். கிதாபு ஓதியவர்களின் பழக்கம் அது.

தமிழில் 'துரித உணவு' என்கிறோம். இக்கால அரபியர் 'அல்வஜ்பத்துஸ் ஸரீஆ' என்பர். 'ஸரீஆ' என்றால் விரைவானது. 'வஜ்பா' என்னும் சொல்லுக்குப் பழைய அகராதிகள் தரும் பொருள், ஓர் இரவும் பகலும் சேர்ந்த பொழுதில் ஒரே ஒரு வேளை உண்பது. நாளெல்லாம் காத்திருந்து உண்ணும் உணவுக்குரிய சொல்லோடு விரைவைச் சேர்த்து முடிந்திருக்கிறார்கள்!

'ஷவர்மா'வின் கதையும் இத்தகையதே. அரபு நாட்டிலிருந்து வந்த பெயர் என்பதால் அது நம்முடைய உணவு என்று நம் இளைஞர் சிலர் பெருமை கொள்கின்றனர். அச்சொல் அரபு வேரில் பிறந்ததன்று. 'சுழற்றுதல்' என்னும் பொருளுடைய துருக்கிச் சொல்லின் அரபு வடிவம் அது. நெருப்பின் முன்னே இறைச்சியைச் சுழலவிட்டு, வெந்த புறத்தை மட்டும் சீவி எடுப்பதே அதன் முறை. அதாவது, பெயர் போற்றுவது பொறுமையை. வாங்குவோர் கூட்டம் நெருக்க, வேகாத புறத்தையும் சீவும் கடைக்காரர் அந்தப் பெயருக்கே துரோகம் செய்கிறார்.

அதன் விலை சிறிதன்று. 2022 மே மாதம் கேரளத்துச் செருவத்தூரில் ஷவர்மா உண்ட மாணவி ஒருத்தி இறந்தாள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வாறே மாண்டாள். பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. பிள்ளைகள் விரும்பும் பஞ்சுமிட்டாயில் துணிச்சாயம் கலந்திருப்பது கண்டு 2024 பிப்ரவரியில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023இல் அறிவித்தது. இவற்றை நம் வாசகர்கள் நாளேடுகளில் படித்தே இருப்பர். ஆகவே, உடலுக்கு நேரும் கேட்டை விரித்துரைப்பது நம் நோக்கமன்று.

நிற்க. அவசரம் எப்போதும் தீயதா? 'அஜலா' எனப்படும் அவசரம் ஷைத்தானின் பால் பட்டது என்பதை மதரஸாவில் காலடி வைத்த நாளிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் பெரியோர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பல்க் நகரத்து ஞானி ஹாத்திம் அல் அஸம்ம் அவர்கள், அவசரம் கூடும் இடங்கள் ஐந்து என்று வகுத்தார்கள். வந்த விருந்தாளிக்கு உணவளித்தல், மையித்தை அடக்குதல், பருவமடைந்த மகளை மணமுடித்தல், தவணை வந்த கடனைத் தீர்த்தல், பாவம் செய்தால் தவ்பாவுக்கு விரைதல் என்பன அவை.

ஐந்தில் முதலாவதே உணவு! இப்ராஹீம் நபி அவர்கள் முன்பின் அறியாத விருந்தினருக்குச் சற்றும் தாமதியாமல் கன்றைச் சமைத்துக் கொண்டுவந்த வரலாறு திருமறையில் உண்டு. நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தாமல் விரைந்து செய்வதே சுன்னத் என்பதும் சிறு பிள்ளையும் அறிந்தது. ஆகவே, துரித உணவு என்ற பெயர் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. யாருக்காக யார் விரைகிறார் என்பதே கேள்வி. பசித்தவனுக்காகப் படைப்பவன் விரைந்தால் அது அறம். உண்பவனை விரட்டி எழுப்பி, அவன் நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வதற்காக விரைந்தால் அது வேறு. இந்த ஒரு வேற்றுமையைக் கையில் பிடித்துக்கொண்டே நம் ஊர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அகலத்தில் சிறியதாகத் தட்டி, தோசைக்கல்லில் தேங்கி நிற்கும் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றித் தரும் அந்தப் பரோட்டாவைத் தின்பதற்கென்றே வெளியூரிலிருந்து வருவோர் உண்டு. 'பர்மா கடை' என்ற பெயரைக் கேட்டதும் நாவில் நீர் ஊறாத விருதுநகர்க்காரர் அரிது. அந்த வரிசையில் நாமும் நின்றவர்களே, மறைப்பானேன்? மைதாவும் எண்ணெயுமான அது மருத்துவர் மெச்சும் உணவன்று. ஆயினும் மாவைப் பிசைந்து ஊறவைத்து வீசி அடுக்கும் வேலைக்கு மாஸ்டர் பகலெல்லாம் செலவிடுகிறார். தின்பவர் நாலு பேரோடு அமர்ந்து பேசித் தின்கிறார். அது கடை உணவுதான். ஆனால் தனிமை உணவன்று.

கரிசல் காட்டின் பழைய உணவையும் இதே அளவுகோலால் அளப்போம். கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் உடலுக்கு உரமூட்டின என்று இன்று பாராட்டுகிறோம். காலையில் அந்தக் கூழைக் கரைத்துக் குடிக்க ஐந்து நிமிடம் போதும். அப்படியானால் அதுவும் துரித உணவே! ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காக முந்திய நாள் மாலையில் ஒருத்தி உரலும் உலக்கையுமாக நின்றாள். அவளுடைய நேரம் கணக்கில் வரவில்லை. அதனால் உணவு மலிவாகத் தோன்றியது. இன்று அந்த நேரத்துக்கு ஆலை கூலி கொடுக்கிறது. உரலடியில் ஆள் இல்லை. இதில் யாரை நோவது?

நாம் வாயடைத்து நின்ற நாளுக்கு இப்போது வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் மகல்லாவில் நடந்த ஒரு கூட்டத்தில், பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடாமல் காசைக் கையில் கொடுத்து அனுப்பும் தாய்மார்களைச் சற்றுக் காரமாகவே கண்டித்தோம். 'பரக்கத் வீட்டு அடுப்பில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டீர்கள்' என்பதுபோல் ஏதோ பேசினோம். மறுநாள் அஸருக்குப் பின், நம்மிடம் ஓதும் ஒரு சிறுவனின் தாய் வாசலில் வந்து நின்றார். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். வேன் இறங்கி நேரே வந்திருந்தார்; விரல் இடுக்கில் மருந்தின் வெள்ளி நிறம் அப்போதும் போகவில்லை.

"ஹஜ்ரத், கோவிச்சுக்கிறாதீங்க. அஞ்சரைக்கு வேன் வந்துரும். சோறாக்கணும்னா மூணரைக்கு எந்திரிக்கணும். எந்திரிச்சுப் பாத்தேன், ஒரு வருசம். பகல்ல மருந்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் கண்ணு சொருகுது. அதுக்குப் பயந்துதான் தூங்குறேன். பிள்ளை கையில காசு குடுக்கிறேன். இது குத்தமா?"

நம்மிடம் விடை இல்லை. அந்த வட்டாரத்தில் கண் சொருகுவதன் பொருள் என்னவென்று அறியாதவரா நாம்? 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. மருந்து கலக்கும் அறையில் அவசரமும் அயர்வும் கூடா. உராய்வு ஒன்றே போதும். அந்தத் தாய் செய்தது சோம்பலன்று. பிள்ளைக்கு வீட்டுச் சோறு வேண்டுமா, தாய் வேண்டுமா என்ற தராசில் அவர் சரியான தட்டையே தேர்ந்தார். அவரை அந்தத் தராசின் முன் நிறுத்தியவர்களைப் பற்றி நம் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

மானாவாரி நிலம் கைவிட்ட இந்தப் பூமியில் 1920களில் தீப்பெட்டித் தொழிலும், பின்னர் பட்டாசும் அச்சும் வந்து அடுப்பெரியச் செய்தன. அந்த நன்றியை மறப்பதற்கில்லை. ஆனால் செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முறையில், உண்ணும் நேரமும் உழைப்பவர் கூலியில் பிடித்த நேரமே. தூக்குச்சட்டியைத் திறந்து நிதானமாக உண்பவருக்கு அன்றைய எண்ணிக்கை குறைகிறது. இவ்வாறு பகலில் கற்ற வேகம், மாலையில் வீட்டுக்குள்ளும் உடன் வருகிறது. ஃபாஸ்ட் ஃபுட் வண்டி அந்த வேகத்தை உண்டாக்கவில்லை; அந்த வேகத்தின் வாசலில் கடை விரித்திருக்கிறது. 1986இல் ரோமாபுரியில் அமெரிக்கத் துரித உணவகம் திறக்கப்பட்டதை எதிர்த்து எழுந்தவர்கள், பின்னர் 'நிதான உணவு' என்றே ஓர் இயக்கம் கண்டனர். நல்ல இயக்கம்தான். ஆனால் நிதானத்துக்கும் நேரம் வேண்டுமே! அது இல்லாதவரிடம் நிதானத்தை உபதேசிப்பது, கிணறு இல்லாதவரிடம் வாளி விற்பதாகும்.

சரி, நேரம் உடைய நாம் எவ்வாறு உண்கிறோம்? கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஒரே ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து, தமக்கு முன்னுள்ள பகுதியிலிருந்து எடுத்து உண்ணும் வழக்கம் உண்டு. உண்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்டவர்களைச் சேர்ந்து உண்ணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவிய செய்தியின் நிழல் அது. இன்றைய நம் வலீமா விருந்துகளையோ பாருங்கள்! 'பந்திக்கு முந்து' என்ற பழமொழியை மார்க்கச் சட்டம் போலப் பின்பற்றுகிறோம். உண்பவரின் நாற்காலிக்குப் பின்னே அடுத்தவர் வந்து நின்று, அவர் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரவெல்லாம் தம் போட்டு இறக்கிய பிரியாணியை ஏழு நிமிடத்தில் விழுங்கிவிட்டு எழுகிறோம். தள்ளுவண்டிக்காரர் செய்வதைத் துரித உணவு என்று தூற்றும் நாம், தம் பிரியாணியையே துரித உணவாக்கிவிட்டோம்.

இந்தத் தாழ்வுக்கு மாற்று எங்கிருந்து வரும்? விருதுநகர் மண்ணே ஒரு பாடம் வைத்திருக்கிறது. அங்கே பிறந்து, இளமையிலேயே படிப்பை விட நேர்ந்த காமராசர், முதலமைச்சரான பின் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. வேனுக்கு ஓடும் தாயின் இடத்தில் ஊரே நின்று பிள்ளைக்குக் காலையுணவு தருகிறது. பசித்தவருக்காகப் படைப்பவர் விரைவது என்றோமே, அது இதுதான்.

ஆனால் அத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. நம்மிடம் வந்த தாயின் மகன் அப்போது ஏழாம் வகுப்பு. அவனைப் போன்றோரின் கையிலுள்ள காசைத்தான் பள்ளிவாசலின் எதிரே நிற்கும் வண்டி வாங்கிக்கொள்கிறது. அதே பள்ளிவாசலின் பின்கட்டில், ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாக்கள் பதினொரு மாதமும் கவிழ்ந்து கிடக்கின்றன. அரிசியும் பருப்பும் வெந்தயமும் இஞ்சியும் சேர்ந்து பொறுமையாக வெந்து, நொடியில் ஊற்றித் தரத்தக்க உணவு அது. ரமலானில் தூக்குவாளியோடு வரும் அயல் சமயத்துச் சகோதரருக்கும் நாம் இல்லையென்று சொன்னதில்லை. ஆக்கும் கையும் உண்டு, அடுப்பும் உண்டு, கேட்டு வாங்கும் பழக்கமும் ஊருக்கு உண்டு. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு குவளைக் கஞ்சி, சாதி சமயம் கேளாமல் கொடுக்க நமக்கு என்ன குறை? தாய் ஆலைக்குச் சென்ற வீட்டில் தந்தையும் மூத்த மகனும் அடுப்பு மூட்டினால் அவர்களுக்கு என்ன இழுக்கு? கடை நடத்தும் நம்மவர்கள், இறைச்சி முற்றும் வேகும்வரை வாடிக்கையாளரைக் காக்கவைத்தால் என்ன நட்டம்?

முதல் கேள்வியை எங்கள் ஜமாஅத் கூட்டத்தில் வைத்தோம். மறுத்தவர் ஒருவரும் இல்லை. "நல்ல யோசனைதான், பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அவ்வாறே சொன்னார்கள். அந்தச் சிறுவன் இப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான். அவசரம் கூடும் இடங்களில் முதலாவதென்று ஹாத்திம் அவர்கள் எண்ணிக் காட்டிய இடம் இது. இதில் மட்டும் நாம் நிதானம் காட்டுகிறோம்.