வசந்தம் என்ற சொல்லும் பங்குனி வானமும்

மதிப்புரைக்கென்று வந்த ஒரு கவிதைத் தொகுப்பைச் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், குறை அந்த ஒருவருடையது மட்டுமல்ல. நாற்பத்துச் சொச்சம் கவிதைகளில் வசந்தம் பதினோரு இடங்களில் வருகிறது. (எண்ணினேன், பஸ்ஸில் வேறு வேலை இல்லை.) பதினோரு இடத்திலும் அது ஒரே காரியத்தைத்தான் செய்கிறது: வருகிறது, பூக்கிறது, போய்விடுகிறது. கவிஞர் எங்கள் மாவட்டத்துக்காரர். மாசி பங்குனியில் இங்கே சில நாட்கள் காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில் எதிரே வருகிற மாடு தெரியாது. பத்து மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் சட்டை உலரும். வராவிட்டால் படுக்கப் போகும்வரை புழுக்கம். நடுவில் ஒருநாள், யாரும் கேட்காமல், மழை. புத்தகத்தில் இதில் ஒரு துளியும் இல்லை.

இந்த வசந்தம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பாதி சமஸ்கிருத காவியங்களிலிருந்து. மறுபாதி ஆங்கிலப் பாடப்புத்தகத்திலிருந்து. எனக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையை நடத்திய ஆசிரியர் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. 'ஆவாரம்பூ மாதிரின்னு வச்சுக்குங்க, மஞ்சளா இருக்கும்' என்றார். மனப்பாடம் செய்தோம். வெகுநாள் கழித்துத்தான் கவிஞரின் தங்கை டாரதியின் நாட்குறிப்பு கையில் கிடைத்தது. 1802 ஏப்ரல் 15. வட இங்கிலாந்தில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை. காலையில் மூடுபனி. பிறகு மூச்சை அடைக்கிற காற்று. திரும்பிவிடலாமா என்றுகூட இருவரும் யோசிக்கிறார்கள். ஏரி கொந்தளிக்கிறது. அதன் நடுவில் அந்தப் பூக்கள். பிறகு மழை, நனைந்துகொண்டு விடுதிக்குப் போய்ச் சேருகிறார்கள். அண்ணன் கவிதை எழுதியது இரண்டு ஆண்டுகள் கழித்து, அச்சானது 1807இல். கவிதையில் சூறைக்காற்று இளங்காற்றாகிவிட்டது, மழை இல்லை, தங்கையும் இல்லை.

வேர்ட்ஸ்வொர்த்தை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காற்று அவர் மேல் அடித்தது. அதை விட்டுவிட அவருக்கு உரிமை உண்டு. நாம் பெற்றுக்கொண்டது அவர் விட்டதுபோக மிஞ்சியதை. அந்த ஊர் ஏப்ரல் ஒரே நாளில் நாலு தடவை மாறுகிற ஏப்ரல் என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே நம் கவிதையில் வசந்தம் ஓர் அசையாத சித்திரமாக வந்து உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். 1967இல் நக்சல்பாரி எழுச்சியைப் பீக்கிங் பத்திரிகை வசந்தத்தின் இடிமுழக்கம் என்று வர்ணித்ததும், முற்போக்குக் கவிதைகளில் வசந்தம் புரட்சிக்கு மறுபெயராயிற்று. சித்திரை வெயிலில் அறுவடைக் களத்தில் நிற்கிறவனுக்கு வசந்தம் வரும் என்று வாக்குக் கொடுப்பதில் உள்ள அபத்தம் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

சரி, நம் பழைய இலக்கணம் என்ன சொல்கிறது? தொல்காப்பியம் முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் கொடுக்கிறது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் பெரும்பொழுது சொல்லவில்லை. சிறுபொழுது மட்டும்: மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு. சொல்லாததால் ஆறு காலமும் உரியவை என்று உரைகாரர்கள் நிரப்பினார்கள். நம்பியகப்பொருள் அதையே விதியாக்கிற்று. நான் அந்த இடைவெளியை வேறுமாதிரி படிக்க விரும்புகிறேன். தொல்காப்பியர் இதைத்தான் நினைத்தார் என்று வாதிடவில்லை. ஆனால் சிதம்பரம் மருதம், கடலூர் நெய்தல். இந்த இரண்டுக்கும் நடுவில் பல வருஷம் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே காலம் மாதக்கணக்கில் மாறுவதைவிட மணிக்கணக்கில் மாறுகிறது. பிற்பகலில் சூடேறிய நிலத்தின் மேல் காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேற்குக் காற்று வலுவாக இருந்தால் அதை வரவிடாது. அன்றைக்கு வாழ்வதா வேகுவதா என்பது இந்த இழுபறியில் இருக்கிறது. கடலூரில் வீச ஆரம்பித்தது, உள்ளே தள்ளியிருக்கிற சிதம்பரத்துக்குச் சற்று நேரம் கழித்துத்தான் வரும். இதைப் போய்ப் பொதிகைத் தென்றல் என்று எழுதுகிறார்கள். கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர் இருக்கிறதே!

புதுமைப்பித்தன் பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், 1906இல். ஆனால் அவர் மொழியை வளர்த்தது திருநெல்வேலி. மௌனி கடைசிக் காலத்தில் சிதம்பரத்தில்தான் இருந்தார், 1985இல் மறையும்வரை. அவருடைய அந்திகள் எந்த ஊர் அந்தி என்று கேட்பது அசட்டுத்தனம். ஆனாலும் பொழுதை நம்பினவர் அவர், பருவத்தை அல்ல. இந்த ஊர் எழுத்துக்கு ஒரு வழி அங்கே கிடக்கிறது.

பங்குனி மழையை எடுத்துக்கொள்ளுங்கள். வீராணம் ஏரியின் பாசனத்தில், சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பார்கள். பங்குனி வாக்கில் அது களத்துக்கு வரும். அந்த வாரம் கோடை மழை விழுந்தால் நெற்று கறுக்கும், முளைவிடும். தார்ப்பாய் தேடி ஓடுகிறார்கள். அடுத்த வயலில் எள் போட்டவர் அதே மழையைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். அவர் தம்பியாகவும் இருக்கலாம். வெளியூரில் இருக்கிற கவிஞன் 'மண்வாசனை' என்று எழுதுகிறான். ஒரு வரப்பின் இரண்டு பக்கமும் இரண்டு மனம். இதைத் தாங்குகிற கவிதை வசந்தம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எழுத முடியாதது. கார்காலத்தைப் பற்றி நமக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. புயலைப் பற்றியும் இல்லை. 2011 டிசம்பரில் தானே வந்து பண்ருட்டிப் பக்கத்து முந்திரியைச் சாய்த்தபோது சொல்லத் தெரிந்தது. பெரிய அழிவுக்கு மொழி கிடைத்துவிடுகிறது. வானம் மனதை மாற்றிக்கொள்கிற சின்ன விஷயத்துக்குத்தான் கிடைப்பதில்லை.

தொகுப்புக்கு வருகிறேன். ஒரே ஒரு கவிதை தப்பிவிட்டது. மாடியில் காயவைத்த வடாத்தை அம்மா ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை அள்ளி உள்ளே கொண்டுவருகிறாள், மூன்று தடவை திரும்பப் போய்ப் பரப்புகிறாள். மழை கடைசிவரை வருவதில்லை. மூன்றாம் தடவை அவள் வானத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்து மாடியில் இன்னொருத்தி என்ன செய்கிறாள் என்று பார்க்கிறாள். பதினேழு வரி, படிமம் என்று தேடிப் பிடிக்க ஒன்றுமில்லை. இதைக் கவிஞர் கடைசிக்கு முந்தின பக்கத்தில், இடம் நிரப்ப வைத்ததுபோல் வைத்திருக்கிறார். அடுத்த பதிப்பு வந்தால் முன்னால் கொண்டுவரட்டும். மற்றவற்றில் பாதியை எடுத்துவிடலாம்.