கிளைகள் உண்டு, காரணம் எங்கே?

வானம் ஏன் நீலமாக இருக்கிறது? இக்கேள்வியையே தலைப்பாகக் கொண்டு சர் சி. வி. இராமன் 1968ஆம் ஆண்டு டிசம்பரில் அகமதாபாத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அதன் எழுத்து வடிவம் ஆங்கிலத்தில் இன்றும் கிடைக்கிறது. ஏற்காடு மலையில் நாகலூரைச் சேர்ந்த இயற்பியல் மாணவர் ஒருவரிடம், விடுமுறையில் அதைப் படித்து வரச் சொல்லியிருந்தேன். இரண்டே நாளில் வந்து, "முடிச்சிட்டேன் சார்" என்று கைப்பேசியை நீட்டினார். திரையில் இருந்தது உரை அன்று. ஒரு மன வரைபடம். நடுவே 'நீல வானம்' என்று ஒரு கட்டம். அதிலிருந்து 'சூரிய ஒளி', 'காற்று மூலக்கூறுகள்', 'ராலே சிதறல்', 'மேகங்கள்', 'கண்ணின் பங்கு' என்று ஐந்து கிளைகள். செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று அரை நிமிடத்தில் வரைந்து கொடுத்ததாம்.

தவறு என்று சுட்டத்தக்கது அதில் அதிகம் இல்லை. ஒளிச்சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதைக்கூடக் கருவி சேர்த்திருந்தது. சுமார் 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்குமேல் சிதறும் என்று மாணவரும் கணக்கிட்டுச் சொன்னார். மகிழ்ச்சிதான். "சரி தம்பி, நிலா வெளிச்சமும் சூரிய ஒளிதானே? பௌர்ணமி இரவில் வானம் ஏன் நீலமாகத் தெரிவதில்லை?" என்று கேட்டேன். அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "அது இதுல இல்லையே சார்" என்றார்.

அந்த உரையின் உயிரே அதுதான். இராமன் விடையைச் சொல்லித் தொடங்குவதில்லை. மேலே பாருங்கள் என்கிறார். பகலில் விண்மீன்களை மறைக்கும் திரை எது என்று ஆராய்கிறார். பிறகு நிலவொளி வானத்தைக் காட்டி, அங்கே நீலம் எங்கே போயிற்று என்று கேட்கிறார். முழுநிலவின் ஒளி சூரிய ஒளியைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு மங்கலானது. அந்த மங்கலில், நிறம் உணரும் கூம்பு செல்கள் அநேகமாக ஓய்ந்துவிடுகின்றன. குச்சி செல்களே வேலை செய்கின்றன. ஆகவே நீல வானத்துக்குச் சிதறல் மட்டும் போதாது. அதை நீலமாக உணரும் கண்ணும், அதற்குப் போதிய வெளிச்சமும் வேண்டும். வரைபடத்தில் 'கண்ணின் பங்கு' என்ற கிளை இருந்தது உண்மை. ஆனால் அக்கிளை ஏன் அங்கே வந்தது, எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பது இல்லை. 'ஆனால்', 'ஆகையால்', 'அப்படியானால்' ஆகிய மூன்று சொற்களை நீக்கிவிட்டால் அறிவியல் நூலில் மிஞ்சுவது பொருளடக்கம்தான்.

மன வரைபடத்தைப் பிரபலமாக்கிய டோனி புசான் இதற்குப் பொறுப்பாளி அல்லர். 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் விளக்கிய முறை, கற்பவரே தம் கையால், வண்ணம் தீட்டி, ஒரு கிளைக்கு ஒரு சொல் தேர்ந்து வரைவது. எந்தச் சொல்லைத் தேர்வது என்று தவிப்பதிலேதான் கல்வி நடக்கிறது. இன்று கூகுளின் நோட்புக்எல்எம் முதலிய கருவிகளில் நூலையோ காணொளியையோ கொடுத்தால், அந்தத் தவிப்பைக் கருவி ஏற்றுக்கொள்கிறது. படம் நமக்கு வருகிறது. உடற்பயிற்சிக்கு ஆள் அனுப்பிய கதைதான்.

கையால் வரைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் கார்ப்பிக்கி, பிளண்ட் இருவரும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு குழு மாணவர்கள் அறிவியல் பாடத்தை எதிரில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தனர். மற்றொரு குழுவினர் பாடத்தைப் படித்து, மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுதினர். மீண்டும் படித்து மீண்டும் எழுதினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் இரண்டாம் குழுவே முந்தியது. தேர்வே வரைபடம் வரைவதாக இருந்தபோதும் அப்படித்தான். திறந்த புத்தகத்தைப் பார்த்துத் தானே வரைந்தவர் நிலை இதுவென்றால், பிறர் வரைந்ததைப் பார்ப்பவரைப் பற்றிக் கேட்பானேன்?

சுருக்கத்தின் உண்மைத்தன்மை தனிக் கதை. பீட்டர்ஸ், சின்-யீ என்ற இருவர் பத்துக் கருவிகள் தந்த 4,900 சுருக்கங்களை மூல ஆய்வுகளோடு ஒப்பிட்டு 2025இல் ராயல் சொசைட்டியின் இதழொன்றில் எழுதினர். ஆய்வாளர் தயங்கித் தயங்கி, 'இன்ன நிபந்தனையில்' என்று சொன்னதைப் பல கருவிகள் பொதுவிதியாக நீட்டிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. துல்லியமாகச் சுருக்கு என்று கேட்டுக்கொண்டால் இக்குறை குறையவில்லை, கூடியது என்பதுதான் வேடிக்கை.

தொகுத்தல் நமக்குப் புதிதன்று. வழிநூலின் வகைகளைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல் தொகுத்தலையே முதலில் வைக்கிறது. நோட்ஸ் வாங்கிப் படித்துத் தேறிய தலைமுறை நாங்கள். மாணவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு உரிமை குறைவு. மேலும், பள்ளியில் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு இக்கருவி பெரிய துணை என்பதை மறுக்க மாட்டேன். ஒரு மணி நேர ஆங்கிலக் காணொளியில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தமிழில் ஒரு பக்கம் கிடைத்தால், உள்ளே நுழையத் துணிவு வருகிறது. ஆனால் அந்தத் தமிழிலும் எச்சரிக்கை வேண்டும். நம் மாணவரின் வரைபடத்தில் ஒரே நிகழ்ச்சி ஓரிடத்தில் 'சிதறல்' என்றும் மற்றோரிடத்தில் 'பரவல்' என்றும் வந்திருந்தது. அவை இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்றே அவர் நம்பியிருந்தார்.

ஒரு வரிச் சுருக்கத்தை நம்பாததால் விளைந்த பயனுக்கு இராமனின் வாழ்விலேயே சான்று உண்டு. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது ராலேயின் கருத்து. 1921இல் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' கப்பலில் திரும்புகையில், இராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கொண்டு நீர்ப்பரப்பில் பட்டுவரும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற எண்ணம் அங்கே பிறந்து, 1928இல் இராமன் விளைவில் முடிந்தது.

மாணவரிடம் நான் சொன்னது இவ்வளவே: முதலில் உரையைப் படி, மூடு, உனக்கு நினைவிருப்பதை நீயே வரை, பிறகு கருவியின் படத்தைப் பக்கத்தில் வைத்து, உன்னதில் விடுபட்டது எது, அதில் விடுபட்டது எது என்று பார். இந்த இரண்டாவது கேள்விக்காகவே கருவி பயன்படும் என்பது என் அனுபவம்.

அவர் இன்னொன்றும் செய்தார். பௌர்ணமியன்று நாகலூரில் கைப்பேசியை மதில்மேல் அசையாமல் நிறுத்தி, நிற அமைப்பைப் பகல் ஒளிக்கு வைத்து, பத்து விநாடி ஒளி விழும்படி வானத்தைப் படம் எடுத்தார். கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்த வானம் படத்தில் நீலமாக வந்திருந்தது. "ராத்திரியிலயும் நீலமாத்தான் இருக்கு சார், நமக்குத்தான் தெரியல" என்றார். மறுநாள் காலை மலையில் பனிமூட்டம். அதுவும் காற்றில் மிதப்பதுதானே, அது மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று அவரே கேட்டார். நீர்த்துளி, ஒளியின் அலைநீளத்தைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதிலிருந்து தொடங்கினோம்.