முற்றத்துக் குளம் வீட்டைக் குளிர்விக்கிறதா?

ஈரானின் காஷான், யஸ்த் நகரங்களின் பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியை விடுவதே இல்லை: நடு முற்றத்துக் குளம்தான் பாலைவன வெயிலில் வீட்டைக் குளிர வைக்கிறது. கணக்குப் போட்டால் இதில் பாதிதான் தேறும்.

1 லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? நிழல் விழாத இடத்தில், கோடைநாள் ஒன்றில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பில் இறங்கும் வெயிலே 20 மெகாஜூலைத் தாண்டும். எட்டு லிட்டர் ஆவியாக அதுவே போதும். குளம் பெரும்பாலும் தன் தலையில் விழுந்த வெயிலைத்தான் செலவழிக்கிறது. அறைக்காற்றின் சூட்டைக் கொஞ்சமே தொடுகிறது. அங்கே செங்கல் பாவியிருந்தால் தரை கொதித்து அனல் உள்ளே அடித்திருக்கும் என்பது நியாயமான வாதம். ஆனால் அந்த வேலைக்கு மாதுளை மர நிழலே போதுமே!

யஸ்தின் தவ்லதாபாத் தோட்ட மண்டபத்தைப் பாருங்கள். மேலே 33 மீட்டர் உயரக் காற்றுக்கோபுரம். அதன் நேர் கீழே சின்னதொரு சலவைக்கல் தொட்டி. வெயில் எட்டாது. கோபுரம் இறக்கிவிடும் வறண்ட காற்று நீரை உரசிக்கொண்டு போகிறது. அங்கே ஆவியாகும் நீர், தனக்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுக்கிறது. குளிர்ச்சியைத் தருவது குளத்தின் அகலமல்ல, நிழலும் காற்றோட்டமும்.

வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. கோடை நண்பகலில் அவர்கள் ஒதுங்கியது நிலவறைக்குள். குளத்தோரம் கட்டில் போட்டு உட்கார்ந்தது சாயங்காலத்தில். குடிநீரையும் நிலத்தடித் தொட்டியில் மூடித்தான் வைத்தார்கள்.

பிறகு ஏன் அத்தனை பெரிய குளம்? கனாத் என்னும் சுரங்கக் கால்வாயில் நீர் முறை வைத்து வரும். வந்ததைத் தேக்கிச் செடிக்கும் கழுவலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். நம் பள்ளிவாசல் நீர்த்தொட்டியான ஹவுளைப் போல, தொழுகைக்கு முன் ஒளூ செய்யவும் (முகம், கை, கால் கழுவவும்) அது வேண்டும். ஷியா சட்டப்படி, ஏறத்தாழ 380 லிட்டருக்குக் குறையாத நீர், அசுத்தம் பட்டாலும் நிறம், மணம், சுவை மாறாதவரை தூய்மை கெடாது. ஆகவே சிறு தொட்டி போதாது. போதாக்குறைக்கு அழகு: இஸ்ஃபஹானின் செஹல் சொதூன் அரண்மனையில் 20 தூண்களைக் குளம் 40 ஆக்கிக் காட்டுகிறது.

சேமிப்பு, தூய்மை, அழகு மூன்றிலும் முற்றத்துக் குளத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். குளிரூட்டி என்ற பட்டம் மட்டும் காற்றுக்கோபுரத்தடித் தொட்டிக்குப் போகவேண்டியது.